கசியாத தையல்



கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் உறவுகள் அனுப்பும் படங்களில், கரையெல்லாம் வெண்பனி கிடக்க, ஒடுங்கிய சிறு வள்ளம் ஒன்றுக்குள் இடுப்பு வரை புதைந்திருந்து துடுப்பு வலிக்கும் ஆட்களை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். "இந்தக் குளிருக்குள் இதென்ன விளையாட்டு?" என்று கேட்கத் தோன்றும். அந்த வள்ளத்தின் பெயர் கயாக். இன்று பல நாடுகளில் அது விளையாட்டு. முன்பு வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிற் மக்களுக்கு அதுதான் சோறு போட்ட தொழில். அந்தத் தொழிலில் பெண்களுக்கு இருந்த பங்கைப் பற்றி வாசித்தபோது, தையல் இயந்திரத்தை நம்பிச் சீவிக்கும் நம் சகோதரிகள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். அதனால் இம்மாதம் அதைப்பற்றிக் கதைப்போம்.

கிறீன்லாந்து பெரும்பாலும் பனிக்கட்டியால் மூடப்பட்ட பெருந்தீவு. வள்ளம் கட்ட அங்கே மரம் இல்லை. கடல் அடித்துக்கொண்டு வந்து கரையில் ஒதுக்கும் மரத்துண்டுகளைப் பொறுக்கி, ஆண்கள் கயாக்கின் சட்டத்தைக் கட்டினார்கள். அந்தச் சட்டத்தின் மேல் சீல் எனப்படும் கடல்நாயின் தோலைப் போர்த்துத் தைத்தவர்கள் பெண்கள். தோல் காய்ந்தால் ஊசி இறங்காது. ஆகவே ஈரம் காய்வதற்குள் பல பெண்கள் ஒன்றுகூடி விரைந்து தைத்து முடிப்பார்கள். பிறகு அது காய்ந்து மேளத் தோல் போல இறுகிக்கொள்ளும்.

அவர்கள் தைத்த முறையைக் கேளுங்கள். இரண்டு தோல்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஊசி தோலின் பாதித் தடிப்பு வரை மட்டுமே போய்த் திரும்பும்படி தைப்பார்கள். மறுபக்கம் துளை விழாது. பின்னர் அதே இடத்தை மறுபக்கத்தாலும் இன்னொரு வரிசை தைப்பார்கள். நூலாகப் பயன்பட்டது மிருகங்களின் தசைநார். தண்ணீர் பட்டதும் அது ஊதிப் பருத்து, ஊசி போன துளையைத் தானே அடைத்துவிடும். அரைநிலவு போல வளைந்த ஒரு கத்திதான் பெண்களின் ஆயுதம். அதன் பெயர் உலு. தோல் உரிப்பதும் வெட்டுவதும் சமையலும் அதனாலேயே நடந்தன.

வள்ளத்துக்கு மட்டுமல்ல, அதில் போகிறவருக்கும் உடை தைத்தது பெண்களே. துயிலிக் எனப்படும் தோல் அங்கி தலையை மூடி, முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுக்கமாகக் கட்டப்படும். அதன் கீழ் ஓரத்தைக் கயாக்கின் வாய் வளையத்தோடு பொருத்திக் கட்டிவிட்டால், ஆளும் வள்ளமும் ஒன்றாகிவிடும். கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. கவிழ்ந்தவர் வெளியே வராமல், துடுப்பை வீசி உடலை முறுக்கி வள்ளத்தோடு சேர்ந்து மறுபடி நிமிர்வார். அந்தக் கடலில் நீந்திக் கரைசேரலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. உப்பு நீர் ஏறக்குறைய -1.8 பாகை செல்சியஸ் வரை உறையாமல் இருக்கும். அதாவது நன்னீர் உறையும் நிலையைவிடக் குளிரான தண்ணீரும் அங்கே ஓடித்திரியும்.

ஒரு தையல் விட்டுப்போனால் கணவன் திரும்பி வரமாட்டான். இது அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். தைக்கத் தெரிந்த பெண் இல்லாத வீட்டில் வேட்டைக்காரனும் இல்லை என்பது அந்தச் சமூகத்துக்கும் தெரியும். அப்படிக் கவனமாகத் தைத்தும் கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்கள் அங்கும் பலர். உழைப்பவரை இழந்து, பிள்ளைகளோடு உறவினர் கையை எதிர்பார்த்து நின்ற பெண்களும் அங்கே இருந்தார்கள். கடல்தான் வேறு, நிலை நமக்குப் புதியதல்ல.

இன்று குளிர்காலத்தில் வள்ளம் வலிப்பவர்கள் தோல் அங்கிக்குப் பதிலாக இரண்டு வகை உடை அணிகிறார்கள். ஒன்று நியோபிரீன் என்ற கடற்பஞ்சு போன்ற இறப்பரால் ஆனது. அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர் 1952 அளவில் இதை உருவாக்கினார். உடலுக்கும் உடைக்கும் இடையில் புகும் சிறிது தண்ணீரை உடற்சூடே வெதுவெதுப்பாக்கும். மற்றையது தண்ணீரே புகாத முழு உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறப்பர் பட்டி இறுகப் பிடிக்கும். உள்ளே கம்பளி உடுப்பு அணிவார்கள். பருத்தி உடுப்பு நனைந்தால் குளிரை உடலோடு ஒட்டிவைக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். இந்த இரண்டாவது உடையும், கழுத்தையும் கையையும் இறுக்கித் தண்ணீரை வெளியே நிறுத்தும் அந்தப் பழைய துயிலிக்கின் வேலையையே செய்கிறது. அவர்களிடம் ஒரு கட்டாய விதி உண்டு: வெயிலைப் பார்த்து உடுக்காதே, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடு. வானம் வெளித்திருக்கும் வசந்தகால நாளிலும் தண்ணீர் குளிர்காலத்திலேயே நிற்கும்.

தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் தானே பலமுறை உறைநீரில் இறங்கி இதை ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1 - 10 - 1. முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். உடல் தன்னையறியாமல் பெருமூச்சு இழுக்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே மரணம். அதைத் தாண்டினால் கைகால்களைப் பயனுள்ள வகையில் அசைக்க ஏறக்குறைய 10 நிமிடம் கிடைக்கும். பிறகு விரல்கள் விறைத்துவிடும். உடற்சூடு குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் செல்லும். குளிர்நீரில் இறப்பவர்களில் பலர் குளிரில் விறைத்துச் சாகவில்லை. அதற்கு முன்பே மூச்சுத் திணறி மூழ்கித்தான் சாகிறார்கள்.

ஆகவே விழுந்தவுடன் நீந்த முயலாதே, மூச்சு உன் கட்டுக்குள் வரும்வரை மிதந்துகொண்டிரு என்று கற்பிக்கிறார்கள். பிரித்தானியாவின் கடல்மீட்புத் தொண்டு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. இதையே மக்களுக்குச் சொல்லிவருகிறது. உளசமூகப் பணியில் இருக்கும் எங்களுக்கு இந்தப் பாடம் வேறொரு வழியால் வந்தது. திடீரென வரும் செய்தி, பழைய நினைவைக் கிளப்பும் ஒரு சத்தம், இரவில் உலுக்கி எழுப்பும் கனவு இவற்றின்போதும் நெஞ்சு அதே போலப் படபடக்கும், மூச்சு அதே போலத் திணறும். அந்த நிமிடத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம், எவரோடும் வாதாட வேண்டாம், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். அது பலவீனம் அல்ல. உடலின் இயல்பு. அது அடங்கும்.

கனடாவின் விக்ரோறியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1970களில் இன்னொன்றையும் காட்டினார்கள். உயிர்காப்பு அங்கியோடு தண்ணீரில் இருப்பவர் தனித்திருந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பலர் இருந்தால் ஒருவரையொருவர் இறுக அணைத்து, சிறுவர்களை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது சூடு மெதுவாகவே குறையும். மீட்டபின் ஈர உடையைக் களைந்து, படுக்கவைத்து, உலர்ந்த துணியால் போர்த்த வேண்டும். கைகால்களைத் தேய்க்கக்கூடாது. மதுபானம் கொடுக்கக்கூடாது. நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இளஞ்சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். குளிர்நாட்டில் ஏரிக்கரையில் வாழும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

தைத்துக் கொடுத்த பெண்கள் இப்போது துடுப்பையும் பிடித்துவிட்டார்கள். கிறீன்லாந்தில் நடக்கும் கயாக் போட்டிகளில், கவிழ்ந்து நிமிரும் 30க்கும் மேற்பட்ட முறைகளைப் பெண்களும் செய்து காட்டுகிறார்கள். ஜேர்மனியைச் சேர்ந்த பிறேயா ஹொப்மைஸ்ரர் 2009இல் தனியாகக் கயாக்கில் அவுஸ்திரேலியாவைச் சுற்றிவந்த முதற் பெண்ணானார். 2011 முதல் 2015 வரை, புயலுக்கும் குளிருக்கும் பேர்போன ஹோர்ண் முனை உட்பட, தென் அமெரிக்கா முழுவதையும் சுற்றினார். முதற் பயணத்தின்போதே அவருக்கு வயது 40ஐத் தாண்டியிருந்தது.

நம் கடல் குளிர் கடல் அல்ல. ஆனால் 2004 டிசம்பர் 26ஐ யாரும் மறக்கவில்லை. அன்று நம் கரைகளில் ஆண்களைவிடப் பெண்களும் சிறுவர்களுமே கூடுதலாகப் பலியானார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால்களைச் சுற்றிய உடை ஓடவிடவில்லை. நீந்தவும் மரம் ஏறவும் ஆண்பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளை நாம் பழகவிடவில்லை. கடலும் களப்பும் குளமும் சூழ்ந்த ஊர்களில் வாழ்ந்துகொண்டு, "பெண்பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?" என்று இன்னும் கேட்கிறோம். அண்ணாந்து படுத்து, காதுகள் தண்ணீரில் மூழ்க, கையை மெல்ல அசைத்து மிதக்கப் பழகுவதற்குப் பெரிய செலவில்லை. பழக்கத் தெரிந்த ஒருவரும், இடுப்பளவு தண்ணீரும், வீட்டாரின் சம்மதமும் போதும். மூன்றாவதுதான் கிடைப்பதற்கு அரிது. மாதர் சங்கங்கள் நினைத்தால் அதைப் பெற்றுக் கொடுக்கலாம்.

அடுத்தது தையல். சுயதொழில் விபரம் கேட்டுப் படிவம் நிரப்பும்போது, "சும்மா வீட்டிலிருந்து தைக்கிறன்" என்று சொல்லும் சகோதரிகளை அடிக்கடி சந்திக்கிறேன். 2009இல் யுத்தம் முடிந்தபின் வன்னிக்கு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. இலங்கைப் பெண்கள் தைக்கும் நீச்சலுடைகளும் விளையாட்டு உடைகளும் கப்பலேறிக் குளிர்நாடுகளுக்குப் போகின்றன. அதை அணிபவருக்குத் தைத்தவரின் முகம் தெரியாது. கிறீன்லாந்து வேட்டைக்காரனுக்கோ தெரியும், தன் உயிரை யாருடைய தையல் காத்தது என்று.

ஆகவே அடுத்த முறை அந்தப் படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தை வெறுமையாக விடவேண்டாம். 'தையல்' என்று எழுதுங்கள். 'சும்மா' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கூலி பேசும்போதும் அப்படியே.

அடுத்த மாதம் சந்திப்போம்.