சுழியோடியின் மூச்சுக்குப் பொறுப்பாளி யார்?

அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் முத்துக்குளித்த நம் முன்னோரின் உயிர் ஒரு கயிற்றிலே தங்கியிருந்தது. அக்கயிற்றைப் பிடித்தவன் தோணியில் இருந்தான். தவறு நேர்ந்தால் அவனை முகத்துக்கு நேரே கேட்கலாம். இன்று மன்னார்க் கடலிற் சங்கும் கடலட்டையும் எடுக்கச் செல்லும் இளைஞனின் உயிரோ, முகமறியாத ஒருவன் எங்கோ செய்த சிலிண்டரிலும் றெகுலேற்றரிலும் தங்கியிருக்கின்றது. ஒட்சிசன் சிலிண்டர் என்று சொல்வது நம்மவர் வழக்கம். அதில் இருப்பது அமுக்கி அடைத்த வெறுங்காற்றே.

20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. அங்கே றெகுலேற்றர் அடைத்துக்கொண்டால், மூச்சு முட்டியவன் விரைந்து மேலெழுவான். உடலிற் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகும். உயிர் தப்பினாலும் கால்கள் வழங்காமற் போகலாம். காற்று நிரப்பும் இயந்திரம் தன் புகையையே உறிஞ்சினால், சிலிண்டரில் நஞ்சு ஏறும். இத்தனையையும் ‘கடல் கொண்டது’ என்று சொல்லி அழுது ஓய்கின்றோமே, கடல் செய்த குற்றம் யாது?

சட்டம் இல்லாமலில்லை. விற்பவனின் திறமையை நம்பி, இன்ன தேவைக்கென்று சொல்லி வாங்கிய பொருள் அத்தேவைக்கு உதவவேண்டும் என்கிறது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஆனால் அவ்வுரிமை வாங்கியவனுக்கே உரியது. சம்மாட்டியின் சிலிண்டரை முதுகிற் சுமந்து இறங்குபவன் வாங்கியவன் அல்லன். வாங்காதவரும் உற்பத்தியாளன்மீது வழக்கிடலாம் என்ற வழியை, போத்தலுக்குள் நத்தை கிடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் 1932இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை திறந்தது. நமது உரோமன் ஒல்லாந்துச் சட்டமும் நட்டஈட்டுக்கு இடந்தருகின்றது. ஆயினும் கவலையீனத்தை நிறுவவேண்டும், இரண்டாண்டுக்குள் வழக்கிடவும் வேண்டும். பேசாலையில் இருக்கும் ஒரு விதவை, கடல் கடந்த தொழிற்சாலையின் கவலையீனத்தை எந்தச் சாட்சியைக் கொண்டு நிறுவுவாள்?

சூண்டோ என்னும் சுழியோடிக் கணிப்பொறிகள் ஆழத்தைப் பிழையாகக் காட்டின என்று 2015இல் கலிபோர்னியாவில் பலருக்காக ஒரே வழக்குத் தொடரப்பட்டது. உற்பத்தியாளர் குற்றத்தை ஏற்காமலே 2018இல் இணக்கத்துக்கு வந்தனர். இங்கிலாந்தின் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பொருளிற் பழுதிருந்ததையும் அதனால் ஊறு நேர்ந்ததையும் காட்டினாற் போதும். கவலையீனத்தை நிறுவ வேண்டியதில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலும் இப்பொறுப்புக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை.

கமக்காரரும் இதனைக் கடற்றொழிலாளர் பாடு என்று ஒதுக்கவேண்டா. நஞ்சு கசியும் மருந்து தெளிகருவிக்கும், மின்னொழுகும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதே சட்டந்தான்.

சட்டம் திருந்தும்வரை ஒன்று செய்யலாம். விபத்து நேர்ந்தால், பழுதான கருவியைக் கடலில் எறியாதீர். திருத்தித் தருவதாகச் சொல்லும் கடைக்காரனிடமும் கொடாதீர். அதுவே முதற் சாட்சி. பற்றுச்சீட்டையும் பேணி வைத்துக்கொண்டு, உடனே சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தின் 6 பாராளுமன்ற உறுப்பினரிடமும் நாம் கேட்பது, உற்பத்தியாளனையும் இறக்குமதியாளனையும் பொறுப்பாக்கும் ஒரு தனியுறுப்பினர் சட்டமூலம். கட்சி வேற்றுமை இதற்குத் தடையாகுமா என்பதை அவர்களே சொல்லட்டும்.