குவாட்டர்ஸும் கமிஷன் வீடும்

டூங்கபி, பெண்டில் ஹில் பக்கம் புதிதாகக் குடிவந்த எம்மவர்கள் 'ஹவுசிங் கமிஷன் வீடு' என்பதைத் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறார்கள். 1942 இல் தொடங்கிய அந்தக் கமிஷன் இன்று இல்லை. 2024 முதல் ஹோம்ஸ் என்.எஸ்.டபிள்யூ. தான் இம்மாநிலத்து அரசாங்க வீடுகளைக் கவனிக்கிறது. பெயர் போயும் கூச்சம் போகவில்லை. ஊரில் அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தவருக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இது வேடிக்கைதான்!

அதனால் இம்முறை அலெக்ஸ் ராம்சே என்ற உத்தியோகத்தரை நினைவுகூருகிறோம். 1914 இல் பிறந்த இவர், 1949 முதல் 1978 இல் காலமாகும்வரை தென் அவுஸ்திரேலிய ஹவுசிங் ட்ரஸ்டின் பொது முகாமையாளராக இருந்தார். இரு கட்சிகளையும் சேர்ந்த நான்கு மாநில முதல்வர்கள் வந்தார்கள். ராம்சே அதே கதிரையில் இருந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

1936 இல் உருவான அந்த ட்ரஸ்ட் தருமத்துக்காகத் தொடங்கியதல்ல. வாடகை குறைந்தால் தொழிலாளிக்குச் சம்பளம் கட்டுப்படியாகும், தொழிற்சாலைகளும் மாநிலத்தைத் தேடி வரும் என்பதே கணக்கு. ஆகவே அங்கே குடியிருந்தவர்கள் வேலைக்குப் போய்வரும் சாதாரணக் குடும்பத்தவர்கள். நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்த இரட்டை வீடுகள் பல. வாடகைக்கும் கொடுத்தார்கள், விற்றும் கொடுத்தார்கள்.

ராம்சே காலத்துப் பெரிய வேலை எலிசபெத் நகரம். அடிலெயிட்டுக்கு வடக்கே, வெறும் வயல்வெளியில், 1955 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டது. வீடுகளோடு கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்தே நிலம் ஒதுக்கினார்கள். கப்பலில் வந்திறங்கிய பிரித்தானியக் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறின. அவர்களும் எம்மைப் போல் உற்றார் உறவினர் இல்லாமல் வந்தவர்கள்தான். மொழி மட்டும் கைவசம் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. ஹோல்டன் கார் தொழிற்சாலையை அந்த நகரம் அளவுக்கு மிஞ்சி நம்பியிருந்தது. 2017 ஒக்டோபரில் அது மூடப்பட்டபோது பட்ட அடி பெரிது.

கூச்சம் எங்கிருந்து வந்தது? 1973 இல் மத்திய அரசாங்கம் மாநிலங்களோடு செய்த வீடமைப்பு ஒப்பந்தம் வருமான வரம்பை வலியுறுத்தியது. அதன்பின் அரசாங்க வீடு படிப்படியாக மிகவும் கஷ்டப்பட்டவருக்கு மட்டும் என்றாகியது. வீடு மாறவில்லை, வரிசை மாறியது.

அந்த வரிசையில் நிற்கும் எமது குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: முகவரி மாறினால் உடனே அறிவியுங்கள். வந்த கடிதத்துக்குப் பதில் போகாவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடக்கூடும்.