தலை போகிற காரியமா?

எலெக்ட்ரிக் கிடாருக்குத் தலை எதற்கு என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? கழுத்தின் நுனியில் ஆறு முறுக்காணிகளோடு பட்டையாக நீட்டிக்கொண்டிருக்குமே, அது. வீணையில் பிருடை பார்க்கிற அதே வேலைதான்: கம்பியை இறுக்கி, தளர்த்தி, சுருதி சேர்ப்பது. அந்த ஆணிகளை எதிர்முனையில், வலது உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் தலைக்கு வேலையில்லை.

இதைச் செய்து காட்டியவர் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர். மேஜை நாற்காலி டிசைன் செய்துகொண்டிருந்த மனிதர். அதனால்தானோ என்னவோ, 'கிடார்னா இப்படித்தான் இருக்கணும்' என்ற பக்தி அவருக்கு இல்லை. அவருடைய தலையில்லாத பேஸ் கிடாரை 1981-ன் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக 'டைம்' பத்திரிகை தேர்ந்தெடுத்தது. ரஷ் குழுவின் கெட்டி லீ அதை வாசித்தார். ஆறு கம்பி கிடார் வந்ததும் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் எடுத்துக்கொண்டார். (கிடார்காரர்களே வாயைப் பிளந்து பார்த்த கிடார்காரர் அவர்.) 1987-ல் கம்பெனி கிப்ஸன் கைக்குப் போனது. அப்புறம் ஃபேஷன் மாறியது. 'எண்பதுகளின் கோமாளித்தனம்' என்று ஓரங்கட்டிவிட்டார்கள்.

என்ன குற்றம்? சுருதி நிற்கவில்லையா? நின்றது. கனமா? இல்லை. 'பார்க்க நல்லா இல்லை சார், துடுப்பு மாதிரி இருக்கு.' அவ்வளவுதான்.

சரி, தலையின் லட்சணத்தைப் பார்ப்போம். கிப்ஸன் லெஸ் பாலின் தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகுவதற்காக, சாய்வு தொடங்குகிற அதே இடத்தில் மரத்தைக் குடைந்திருப்பார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை மல்லாக்க விழுந்தால் போதும், தலை கையோடு வந்துவிடும். கிடார் ரிப்பேர்காரர்களைக் கேளுங்கள், இது அவர்களுக்குச் சோறு போடும் வியாதி. கிப்ஸன் எஸ்ஜியில் வேறு கோளாறு. கையை எடுத்தால் கழுத்து தரையை நோக்கிச் சாயும். வாசிக்க வேண்டிய இடது கை, சுமைகூலி வேலையும் பார்க்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் தலை ஏன் பிழைத்திருக்கிறது? அது கம்பெனியின் விளம்பரப் பலகை. ஃபெண்டர் கிடாரின் உடல் வடிவத்துக்கு டிரேட்மார்க் கேட்டபோது 2009-ல் அமெரிக்காவில் மறுத்துவிட்டார்கள். ஆனால் அதன் தலை வடிவங்கள் ஃபெண்டருக்குத்தான் சொந்தம். உடலை எவனும் காப்பியடிக்கலாம், தலையைத் தொட முடியாது. (அந்த வழக்கில் எதிர்த்து நின்றது ஸ்டூவர்ட் ஸ்பெக்டரின் கம்பெனி. ஸ்டைன்பெர்கர் முதன்முதலில் பேஸ் கிடார் டிசைன் செய்து கொடுத்ததே அந்த ஸ்பெக்டருக்குத்தான்!) நாம் காசு கொடுத்து வாங்கி, தோளில் தூக்கிக்கொண்டு அலைகிறோமே, அது இன்னொருவருடைய போர்டு.

தலையில்லாததில் தொல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய ஸ்டைன்பெர்கருக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பி வேண்டும். அது எல்லாக் கடையிலும் கிடைக்காது. புதிய மாடல்களில் சாதாரணக் கம்பியே போதும், ஆனால் நுனியில் திருகு வைத்து இறுக்க வேண்டும். மேடையில் கம்பி அறுந்தால் அந்த நேரத்தில் திருகைத் தேடிப் பாருங்கள், புரியும். விலை மலிவான சிலவற்றில் ஆணிகள் விரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கம். தலையில் மாட்டுகிற கிளிப் ட்யூனருக்கு இடமில்லை. சுவர்க் கொக்கியில் மாட்டினால் நழுவி விழும். விற்கப் போனால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

ஆனால் இதில் எதுவுமே வாசிப்பைத் தொடவில்லை, கவனித்தீர்களா? எல்லாம் கடை, கொக்கி, கம்பி பற்றிய புகார்கள். 'தலையில்லாவிட்டால் நாதம் போச்சு' என்பவர்களைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து இரண்டையும் வாசித்துக்காட்ட ஆசை.

ஸ்வீடனில் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் இந்த வடிவத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். 2021-ல் ஐபனெஸ்ஸே இறங்கிவிட்டது. வாங்கப் போகிறீர்களா? கடையில் கண்ணாடி இருந்தால் முதுகைக் காட்டி உட்காருங்கள். மடியில் வைத்து அரைமணி நேரம் வாசியுங்கள், இடது தோள் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பிடித்திருந்தால் பில் போடும்போது ஆலன் கீ இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று நிச்சயம் தொலையும்.