சீட்டாட்டமும் "செலவுக் காசும்"

தூத்துக்குடிப் பட்டணமானாலும் சரி, நமது சாயர்புரம் போன்ற ஊரானாலும் சரி, லீவு நாளில் நாலு பேர் கூடிச் சீட்டுக்கட்டை விரிக்கின்ற வீடு ஒன்றாவது இல்லாமல் போவதில்லை. ரம்மி என்பார்கள், மூன்று சீட்டு என்பார்கள், கொஞ்சம் இங்கிலீஷ் நாகரிகம் வந்த இடத்தில் போக்கர் என்பார்கள். ஆட்டத்தின் பெயர் எதுவானாலும் ஒரு வழக்கத்தை மாத்திரம் பல இடங்களில் காணலாம். அதாவது, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தவன் எடுக்கின்ற தொகையில் வீட்டுக்காரர் பத்தோ இருபதோ எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுகிறார். ஏன் என்று கேட்டால், "கரண்டு செலவு, டீ செலவு, சீட்டுக்கட்டுச் செலவு எல்லாம் யார் கொடுப்பது?" என்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். ஒருவர் வீட்டில் பலர் உட்கார்ந்து தின்று குடித்துவிட்டுச் செலவை அவர் தலையில் கட்டிவிட்டுப் போவது யோக்கியமல்ல. செலவைப் பங்கிட்டுக்கொள்ளுவதில் நமக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. ஆனால் டப்பாவில் விழுகின்ற காசு செலவுக்கு விழுகின்ற காசுதானா என்பதே நமது கேள்வியாகும்.

தோழர்களே, கணக்குப் பாருங்கள். ஐந்து பேர் ஆளுக்கு 500 ரூபாய் கொண்டுவந்து உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். மொத்தம் 2500 ரூபாய். ஆட்டத்துக்கு 10 ரூபாய் டப்பாவுக்கு. மணிக்கு 20 ஆட்டம் வீதம் 5 மணி நேரம் ஆடினால் 100 ஆட்டம். டப்பாவில் 1000 ரூபாய். டீ, வடை, விளக்கு, மின்விசிறி, சீட்டுக்கட்டு எல்லாம் சேர்த்துத் தாராளமாகவே 300 ரூபாய் என்று எழுதுங்கள். மீதி 700 ரூபாய் எந்தச் செலவு? இதே ஐந்து பேர் புதுப் பணம் கொண்டுவராமல் இப்படியே ஆடிக்கொண்டிருந்தால், 250-ஆவது ஆட்டத்தில், அதாவது மூன்றாம் ராத்திரி பாதியில், 2500 ரூபாயும் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஐந்து பேரும் தோற்றிருப்பார்கள். ஜெயித்தவன் ஒருவனும் இருக்கமாட்டான்!

இதன் சூட்சுமம் என்னவென்றால், வீட்டுச் செலவு ஆட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்து ஏறுவதில்லை. மணிக்கு 5 ஆட்டம் ஆடினாலும் 20 ஆட்டம் ஆடினாலும் விளக்கு எரிகின்ற கரண்டு ஒன்றே. டப்பாவோ ஆட்டத்துக்கு ஆட்டம் நிரம்புகின்றது. ஆகவே அது செலவை அளக்கின்ற படியல்ல. லாபத்தை அளக்கின்ற படியேயாகும்.

தோற்றவன் என்ன செய்கிறான்? "என் தலையெழுத்து" என்கிறான். ஜெயித்தவன் "நான் உட்கார்ந்த திசை ராசியானது" என்கிறான். இருவரும் ஏதோ ஒரு சாமியை வேண்டிக்கொண்டே சீட்டை எடுக்கிறார்கள். டப்பாவுக்குத் தலையெழுத்தும் இல்லை, திசையும் இல்லை, சாமியும் இல்லை. அதற்கு உள்ளது கூட்டல் கணக்கு ஒன்றே. சீட்டைத் தொடாதவன் ராத்திரிக்கு ராத்திரி ஜெயிப்பதும், தொட்டவர்கள் அதிர்ஷ்டத்தைப் பற்றித் தர்க்கம் செய்வதும் எவ்வளவு வேடிக்கை!

1840-களில் சாயர்புரத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஜி. யு. போப் என்கின்ற பாதிரியார்தான், 1886-இல் திருக்குறளின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வெளியிட்டவர். அக்குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கின்றது. சூதில் வருகின்ற வெற்றியை வள்ளுவர் மீன் விழுங்குகின்ற தூண்டிலுக்கு ஒப்பிட்டார். நாம் இன்னொன்று கேட்கின்றோம்: மீன் எதுவென்று தெரிந்தது, தூண்டிலும் தெரிந்தது, கோலைப் பிடித்துக்கொண்டிருப்பவர் யார்?

இந்த வித்தை நம் கடற்கரைக்குப் புதிதல்ல. இங்கிலீஷ் சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பில், உயிரைப் பிடித்துக்கொண்டு கடலில் மூழ்கியவர்கள் கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு கூறு சர்க்காருக்கு, ஒரு கூறு குளித்தவர்களுக்கு. சர்க்கார் தன் கூற்றைத் திறந்து பார்க்காமலே ஏலம் போட்டது. ஏலம் எடுத்தவனுக்கு முத்து இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் தலைவிதி. சர்க்காருக்கோ இரண்டும் ஒன்றுதான். ஏலப்பணம் கைக்கு வந்தாய்விட்டது. அந்தச் சர்க்காராவது பட்டப்பகலில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கூறு போட்டது. டப்பாக்காரர் அதையும் செய்வதில்லை.

நிற்க, "சீட்டு" என்றால் நம்மவர்களுக்கு ஏலச்சீட்டும் சீட்டுத்தான். அந்தச் சீட்டை நடத்துகிறவருக்கும் உழைப்பும் செலவும் உண்டு, கமிஷனும் உண்டு. ஆனால் 1982-ஆம் வருஷத்துச் சிட்பண்டு சட்டம் அந்தக் கமிஷன் 100-க்கு 5-க்கு மேல் போகக்கூடாது என்று வைத்தது. 2019-இல் திருத்தி 7 ஆக்கினார்கள். ஊரார் பணத்தை நாணயமாகத் திரட்டிக் கொடுப்பவனுக்கு 7. ஊரார் பணத்தைத் தோற்கவைப்பவனுக்கு, நாம் மேலே போட்ட கணக்குப்படி, ஒரே ராத்திரியில் 40! இது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் டப்பாவைத்தான் பார்க்கின்றது. 1930-ஆம் வருஷத்துச் சென்னை சூதாட்டச் சட்டத்தில், வீட்டை வைத்திருப்பவரின் லாபத்துக்காகச் சீட்டும் பகடையும் உபயோகப்படுகின்ற வீடு எதுவோ அதுவே பொதுச் சூதாட்ட வீடு என்று சொல்லப்பட்டிருக்கின்றது. செகந்திராபாத்திலுள்ள கிரஸண்ட் ரிக்ரியேஷன் கிளப் வழக்கில் 1967-இல் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு விஷயங்களைச் சொல்லிற்று. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூன்று சீட்டைப்போல முழுதும் அதிர்ஷ்டமல்ல என்பது ஒன்று. கிளப்புக்கு மேஜை, நாற்காலி, வேலையாள் செலவு உண்டாகையால், அளவு கடவாத கட்டணம் வாங்குவதைக்கொண்டு மாத்திரம் அதைச் சூதாட்ட வீடு என்று சொல்லமுடியாது. ஆனால் வீட்டுக்காரரோ கிளப்போ ஆட்டத்தில் லாபம் எடுப்பதாக ருசுவானால் ரம்மியானாலும் குற்றமாகலாம் என்பது மற்றொன்று. செலவு வேறு, லாபம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்லவேண்டும்? 2025-இல் மத்திய சர்க்கார், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், பணம் கட்டி ஆடுகின்ற ஆன்லைன் ஆட்டங்களையே தடுத்துச் சட்டம் செய்தது. கைபேசியில் சாத்திய கதவை நம் வீட்டுத் திண்ணையில் திறந்துவைக்க வேண்டுமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். செலவுக் கணக்குச் சொல்லுகின்ற கனவான், டீ போடுகின்றவள் கூலியை அதில் எழுதியிருக்கிறாரா? ஆண்கள் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்க, வீட்டுப் பெண் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடக்கிறாள். நடு ராத்திரியில் பாத்திரம் தேய்க்கிறாள். விடியுமுன் எழுந்து வாசல் பெருக்குகிறாள். கரண்டுக்குக் காசு, கட்டுக்குக் காசு. அவளுக்கு மாத்திரம் ஒன்றும் இல்லை. தோற்றவன் வீட்டுப் பெண்ணோ அரிசிப் பானையையும் அடகுக்கடைச் சீட்டையும் பார்த்துக்கொண்டு விழித்திருக்கிறாள். ஆட்டத்தின் உண்மையான செலவைக் கொடுப்பவர்கள் இந்த இருவருமே. ஆட்டத்தில் உட்காராதவர்களும் இவர்களே. பெண்டாட்டியைப் பகடையில் வைத்துத் தோற்றவனுக்குத் தர்மராஜன் என்று பேர் கொடுத்த நாட்டில் இது ஆச்சரியமா?

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். கூடிப் பொழுதுபோக்க வேண்டுமானால் காசு வைக்காமல் ஆடுங்கள், அதுவே மேல். செலவைப் பங்கிடவேண்டுமானால், சீட்டைப் பிரிக்குமுன் இன்ன செலவு என்று காகிதத்தில் எழுதி, உழைக்கின்ற பெண்ணின் கூலியை முதல் வரியில் வைத்து, தலைக்கு இவ்வளவு என்று சமமாக வாங்குங்கள். மீந்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஜெயித்தவன் தொகையில் கை வைக்காதீர்கள். இதற்கு ஒப்புக்கொள்ளுகின்ற வீட்டுக்காரர் நம் நண்பர். ஒப்புக்கொள்ளாதவர் நடத்துவது நட்பல்ல, கடை. கடைக்குப் போகிறோம் என்று தெரிந்து போகின்றவன் போகட்டும். நண்பன் வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துப் போய் ஏமாறவேண்டாம்.