கல்லும் சொல்லும்

சில வாரங்களுக்கு முன் எமது வகுப்பில் மாணவியொருத்தி தான் எழுதிய கட்டுரையை எழுந்து நின்று வாசித்தாள். ‘குழந்தைகள் பசித்திருக்கக் கோயிலிற் பாலைச் சொரிவதேன்? கல்லுக்கும் பசிக்குமோ?’ என்பது அதில் ஒரு பகுதி. வகுப்புச் சிரித்தது. பூசகர் ஒருவரின் மகன் மட்டும் தலைகுனிந்திருந்தான். சைவராகிய எமக்கும் அச்சொல் சுருக்கென்று தைத்தது. அத்தாளைக் கிழித்துவிடுமாறு பணித்தோம். அவளும் கிழித்தாள்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை.

நாவலர் பெருமானை நினைந்தோம். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்திற் துணைநின்ற அவர், தம் சமயத்தை விட்டாரல்லர். 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரின் கண்டனங்களுக்கு விடையாக 1854 இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது. அவரது எழுத்தும் மென்மையானதன்று. எனினும் சொல்லுக்குச் சொல்லே விடையாயிற்று.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று இதற்கு மாறானது. சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் முகநூலில் ஒரு சிறுகதையை வெளியிட்டார். அது பௌத்தத்தை இழிவுசெய்வதெனப் பிக்குகள் முறையிட, 2019 ஏப்ரலிற் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலிற் கிடந்தார். 2021 இலேயே வழக்கினின்றும் விடுவிக்கப்பட்டார். அவர்மீது ஏவப்பட்டது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மதவெறுப்புப் பரப்புரையை அது தடைசெய்கிறது. மனம் நோகச் செய்யும் கதையும் பகை மூட்டும் பரப்புரையும் ஒன்றாகா.

எமது புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிப் பக்கமாகச் சென்றால் வெடுக்குநாறி மலை. அங்கே ஆதிலிங்கேஸ்வரர் ஆலயத்து விக்கிரகங்கள் 2023 மார்ச்சில் உடைத்தெறியப்பட்டன. 2024 சிவராத்திரியன்று வழிபடச் சென்றோருள் எண்மர் கைதாயினர். பின்னர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கல்லை உடைப்பது வேறு; கல்லைக் குறித்து வினவுவது வேறு. முன்னதைக் கண்டு கொதிக்கும் நாம், பின்னதையும் அதே குற்றமாக எண்ணி ஒரு பிள்ளையின் தாளைக் கிழிப்பித்தோமே!

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் எமது தவற்றை ஒப்புக்கொண்டோம். கட்டுரையை மீண்டும் எழுதுமாறு அவளிடமும், விடை எழுதுமாறு பூசகர் மகனிடமும் கூறினோம். அவன் எழுதியது சில வரிகளே. இடப்பெயர்வின் பின் மீண்டு வந்த நாளில், கூரையற்ற கோயிலில் நின்ற கல்லுக்குத் தன் தந்தை ஒரு சிரங்கைத் தண்ணீர் வார்த்து அழுதாரெனத் தாய் சொல்லக் கேட்டதை எழுதியிருந்தான்.

அவள் அதை இருமுறை வாசித்தாள். தன் கருத்தை மாற்றினாளில்லை. பசித்த குழந்தையைப் பற்றிய வினாவும் அப்படியே இருந்தது. ‘கல்லுக்கும் பசிக்குமோ’ என்னும் வரியை மட்டும் தானாகவே வெட்டினாள்.