ஸ்போர் அச்சில் பச்சைப் பூசணமா?

கேள்வி: சிப்பிக்காளானில் எடுத்து வைக்கும் ஸ்போர் அச்சு பூசணம் பிடித்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஈரத்தோடு மடித்து வைப்பதே பெரும்பாலும் காரணம். அன்று பறித்த குடையின் காம்பை நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காய்ந்த அலுமினியத் தாளில் செவுள்கள் கீழே இருக்கும்படி வைத்து, சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தால் மூடவும். மின்விசிறி கூடாது. 12 முதல் 24 மணி நேரத்தில் பொடி படியும். குடையை அகற்றிவிட்டு, தாளைச் சிலிக்கா ஜெல் பையுடன் இறுக மூடிய டப்பாவில் 2 நாள் உலர்த்தவும். வெயிலில் வைக்க வேண்டாம். பிறகு மடித்து, ஜிப் கவரில் இட்டு, தேதி எழுதி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்தால், குளிர் தணிந்த பிறகே கவரைப் பிரிக்கவும்; இல்லையெனில் உள்ளே வியர்த்துவிடும்.

ஸ்போரிலிருந்து வளரும் காளான் தாய்க்காளானைப் போலவே அமையாது. எனவே, விற்பனைக்குப் படுக்கை போடுவோர் தரமான காளான் வித்தை வாங்கிப் போடுவதே நஷ்டம் தவிர்க்கும்.