கஷாயச் சட்டியும் ஓர் அமானிதமே



வியாபார விஷயமாக குவாங்சோ சென்ற கணவர், அங்கு ஒரு சீன வைத்தியரிடம் நாடி பார்த்து, மூலிகைப் பொதிகளோடு திரும்பியிருக்கிறாராம். "இதை எப்படிக் காய்ச்சுவது? குடிப்பது கூடுமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

சீன மருந்து நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. 'ஹுய்ஹுய் யாவ்ஃபாங்', அதாவது முஸ்லிம்களின் மருந்து முறைகள் என்ற பழைய சீன நூலில் மருந்துப் பெயர்கள் அரபு எழுத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. அதன் 36 பாகங்களில் எஞ்சிய 4 பாகங்கள் பீஜிங் தேசிய நூலகத்தில் உள்ளன.

இனிக் காய்ச்சும் முறை. நம் வீடுகளில் எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்றவைப்போம். சீனர் அப்படிச் செய்வதில்லை. மண்சட்டியில் மருந்தைப் போட்டு, அதற்கு மேல் இரண்டு விரல் உயரம் பச்சைத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுவார்கள். முதலில் பெரும் தீ. கொதித்ததும் சிறு தீயில் 20 முதல் 30 நிமிடம். வடித்து வைத்துவிட்டு, அதே சக்கையில் மீண்டும் தண்ணீர் ஊற்றி இரண்டாம் முறை காய்ச்சுவார்கள். இரண்டையும் கலந்து, காலையில் பாதி, மாலையில் பாதி, இளஞ்சூட்டில் குடிப்பார்கள். மண்சட்டி இல்லாவிட்டால் எவர்சில்வர் போதும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். அடிப்பிடித்துக் கருகிய மருந்தைத் தண்ணீர் ஊற்றிச் சரிப்படுத்தப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் காய்ச்சுவதும் சரியல்ல. சிப்பி ஓடு போன்றவை முதலில் தனியே கொதிக்க வேண்டும். புதினா இனத்தவை கடைசி ஐந்து நிமிடத்தில் போடப்படும். அதிகம் கொதித்தால் அவற்றின் வாசமும் பலனும் ஆவியோடு போய்விடும். தடிமன், காய்ச்சலுக்கான மருந்துக்குக் குறைந்த நேரமும், உடலுக்குத் தெம்பூட்டும் வேர்களுக்குக் கூடிய நேரமும் தேவை.

'ஃபூஸி' என்றொரு கிழங்கு உண்டு. நம் வைத்தியர்கள் சொல்லும் வச்சநாபியின் இனம், நஞ்சு. பதப்படுத்தியதைக்கூட மற்றவற்றுக்கு முன்னர் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால்தான் நஞ்சு தணியும். அவசரத்தில் நேரத்தைக் குறைத்தால் வாயும் நாக்கும் மரத்து, இதயத் துடிப்புக் குழம்பி, உயிரே போகலாம். காய்ச்சுபவரின் கவனக்குறைவால் நல்ல மருந்தும் வீணாகும் என்று சீன மருத்துவ மேதை லீ ஷிஜென் (1518 - 1593) எச்சரித்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அடுப்படியில் நிற்கும் நீங்களும் அந்த வைத்தியத்தில் பங்காளிதான்.

இன்னொன்று. பொதி மிஞ்சினால், "உங்களுக்கும் இதே வருத்தம்தானே" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் நல்ல மனசு நம் பெண்களுக்கு உண்டு. இந்த விஷயத்தில் அந்த மனசு ஆபத்து. வைத்தியம் தெரியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. பெல்ஜியத்தில் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை விழுங்கிய பெண்களின் சிறுநீரகங்கள் பழுதான செய்தி 1993இல் வெளிவந்தது. 'ஃபாங்ஜி' என்ற வேருக்குப் பதிலாக, பெயரில் ஒத்த 'குவாங் ஃபாங்ஜி' கலந்துவிட்டதே காரணம். பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேல். பெயர் தெரியாத பொதியைத் தொடாதீர்கள். சீன மருந்துகள் பலவற்றில் சேரும் அதிமதுரம்கூட, அதிகமானால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்தெடுப்போரும் தங்கள் டொக்டரிடம் பொதியைக் காட்டாமல் ஒரு மிடறும் குடிக்கக் கூடாது.

கூடுமா என்ற கேள்விக்கு வருவோம். இலை, வேர், பட்டை ஆகியன நஞ்சில்லாதவரை ஹலால். ஆனால் 'அஜியாவ்' என்பது கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. தேளும் பூரானும் சேரும் மருந்துகளும் உண்டு. சில வேர்களை அரிசி மதுவில் புரட்டி வறுத்திருப்பார்கள், பார்த்தால் தெரியாது. தூய மாற்று மருந்து கிடைக்காத நிலையில், நம்பத்தகுந்த வைத்தியர் அவசியம் என்று சொன்னால், நஜீஸான மருந்துக்கு நம் ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. தனி மதுவுக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே, சகோதரி, பொதியை அவிழ்க்குமுன் கணவரிடம் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பொருளின் பெயரையும், எதை முன்னே, எதைப் பின்னே போடுவது என்பதையும் அந்த வைத்தியரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். முஸ்லிம் என்று சொல்லி, மதுவும் விலக்கப்பட்ட பிராணிப் பொருளும் இல்லாத மாற்று மருந்து தரும்படி கேட்கலாம். சீனாவில் முஸ்லிம்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள், இந்தக் கேள்வி அங்கே புதிதல்ல.